முடிவெடுக்கத் தேவையில்லாத பொருளிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பெரிய வீட்டிலிருந்து சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். அப்போது கட்டிய அட்டைப்பெட்டிகள் பலவற்றை இன்னும் பிரிக்கவில்லை. அவை ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருக்கின்றன. சென்ற ஆண்டு என் அம்மா காலமானார். அவருடைய பொருட்களும் அதே அறைக்கு வந்து சேர்ந்தன. விடுமுறை கிடைக்கும்போதெல்லாம், இன்று எப்படியும் முடித்துவிட வேண்டும் என்று ஓர் அலமாரியைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் கட்டிலில் கொட்டுகிறேன். மாலையாகும்போது எதையும் தீர்மானிக்க முடியாமல், படுக்க இடம் வேண்டுமே என்று எல்லாவற்றையும் மறுபடியும் உள்ளே திணித்துவிட்டு அழுகிறேன். “எல்லாவற்றையும் தூக்கிப் போடு” என்கிறார் கணவர். யாரையும் வீட்டுக்கு அழைக்க வெட்கமாக இருக்கிறது. இத்தனைக்கும் அலுவலகத்தில் ஆவணங்களை ஒழுங்காக வைத்திருப்பதில் பெயர் வாங்கியவள் நான். நான் சோம்பேறியா? இது மனநோயா? எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சோம்பேறிக்கு விடுமுறை நாளில் அலமாரியைக் காலி செய்யத் தோன்றாது. நீங்கள் ஒவ்வொரு முறையும் ஒரு முழு நாளின் உழைப்பைச் செலவிட்டிருக்கிறீர்கள். அந்த உழைப்பு பலன் தராத இடத்தில் செலவாகியிருக்கிறது என்பதுதான் சிக்கல். எனவே உங்கள் முதல் கேள்வியை ஒதுக்கிவிட்டு, அந்த நாட்களில் உண்மையில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். மனநோயா என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

ஓர் அலமாரியைக் கட்டிலில் கொட்டும்போது உங்கள் முன் கிடப்பவை நூற்றுக்கணக்கான கேள்விகள். இது தேவையா, வேலை செய்கிறதா, யாருடையது, யாருக்குக் கொடுக்கலாம், கொடுத்தால் வருத்தப்படுவார்களா, எவ்வளவு பணம் போட்டு வாங்கினோம், பிற்பாடு தேவைப்பட்டால் என்ன செய்வது என்று ஒரே பொருள் ஐந்தாறு கேள்விகளைக் கேட்கும். அலுவலகத்தில் இந்தச் சிரமம் உங்களுக்கு இல்லை. எந்த ஆவணத்தை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், எப்போது அழிக்கலாம், எந்தக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்ற விதிகளை வேறு யாரோ ஏற்கெனவே வகுத்துவைத்திருக்கிறார்கள். உங்கள் திறமை அந்த விதிகளைப் பிசகாமல் நடத்துவதில் இருக்கிறது. வீட்டிலோ ஒவ்வொரு பொருளுக்கும் நீங்களே விதியை வகுத்து, நீங்களே நடத்தி, தவறினால் நீங்களே வருந்தவும் வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் ஒழுங்கானவர் வீட்டில் மலைத்து நிற்பதில் எந்த முரண்பாடும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பார்வையில் படும் பொருட்கள் நம் கவனத்துக்காக ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்பதையும், அந்தப் போட்டியைச் சமாளிக்க மூளை உழைக்க வேண்டியிருக்கிறது என்பதையும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் மூளைப் படப்பதிவுகளைக் கொண்டு காட்டினார்கள். கலைந்து கிடக்கும் அறையில் நின்றபடி சிந்திப்பது கடினமாக இருப்பது உங்கள் கற்பனை அல்ல. அதற்கு ஓராண்டு முன்பு வெளியான மற்றோர் ஆய்வில், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இருவரும் வேலைக்குச் செல்லும் தம்பதியரிடம் தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டி விவரிக்கச் சொல்லி, அவர்களுடைய உமிழ்நீரில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் அளவையும் பார்த்தார்கள். காலையில் உயர்ந்து இரவுக்குள் தணிய வேண்டிய அந்த அளவு, வீட்டைக் கலைந்தது, முடியாத வேலைகள் நிறைந்தது என்று விவரித்த பெண்களிடம் போதிய அளவுக்குத் தணியவில்லை. கலைந்த வீடுதான் காரணம் என்று இதை வைத்து நிறுவிவிட முடியாது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதே செய்தி. ஆயினும் அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது, பொருட்களை எண்ணிப் பார்த்துக் கணித்த அளவை அவர்கள் பயன்படுத்தவில்லை என்பதுதான். வீட்டைப் பற்றி அந்தப் பெண்களே சொன்ன சொற்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே, பத்திரிகைப் படங்களில் வருவது போன்ற வெற்று அறைகள் உங்கள் இலக்காக இருக்கத் தேவையில்லை. முடியாமல் கிடக்கும் வேலை குறைந்துவருகிறது என்று உங்களுக்கே தெரியும்படி செய்வதுதான் இப்போதைக்கு இலக்கு.

அதற்கு முதல் நிபந்தனை, முழு அலமாரியையும் கொட்டும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துவது. அந்த முறையை மெச்சுபவர்கள் பலர் உண்டு. மனம் தெளிவாக இருப்பவருக்கு, கைகொடுக்க ஆள் இருப்பவருக்கு, பொருட்களோடு துயரம் கலந்திராத வீட்டுக்கு அது பொருந்தலாம். உங்கள் நிலையில் அது தோல்வியை உறுதி செய்யும் ஏற்பாடு. இருக்கும் நேரத்துக்குள் திரும்ப வைத்துவிடக்கூடிய அளவுக்கு மேல் எதையும் வெளியே எடுக்காதீர்கள். ஓர் இழுப்பறை, ஒரு தட்டு, மேசையின் ஒரு மூலை, அவ்வளவு போதும். இருபது நிமிடம் என்று கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். அதில் கடைசி ஐந்து நிமிடம், வேண்டாதவற்றை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைப்பதற்கும் மிஞ்சியவற்றை உள்ளே வைப்பதற்குமானது. மணி அடித்ததும் நிறுத்த வேண்டும். உற்சாகம் பொங்கும் நாளிலும் நிறுத்த வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் மூன்று மணி நேரம் செய்து களைத்தவர் அடுத்த வாரம் அந்தப் பக்கமே போகமாட்டார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். மிக மோசமான அறையில் தொடங்கினால்தான் பாரம் குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன்: அம்மாவின் பொருட்கள் இருக்கும் அறையின் கதவைச் சாத்திவிடுங்கள். அதற்குள் இருக்கும் முடிவுகள்தான் உங்கள் வீட்டிலேயே மிகக் கடினமானவை. அவற்றை முதலில் எடுக்க முயன்றதால்தான் ஒவ்வொரு முறையும் முறிந்துபோனீர்கள். முடிவெடுக்கவே தேவையில்லாத பொருட்களை முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குத் தேடிப் பிடியுங்கள். காலி அட்டைப்பெட்டிகள், எழுதாத பேனாக்கள், மூடி தொலைந்த டப்பாக்கள், டப்பா தொலைந்த மூடிகள், எப்போதோ பழுதாகிப் போன சாதனத்தின் சார்ஜர், அதன் கையேடு, அதன் உத்தரவாத அட்டை, ஒற்றைக் காலுறை, கிழிந்த பைகள் என்று ஒரு வீட்டில் இவை எவ்வளவு இருக்கும் என்பது எடுக்கத் தொடங்கிய பிறகே தெரியும். ஒரு பொருளைக் கையில் எடுத்து மனம் ஒரு கணம் தயங்கினால், அது இந்தச் சுற்றுக்கு உரியதல்ல; இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இந்தச் சுற்றிலும் ஒரு வரிசை உண்டு. நடைபாதையும் தரையும் முதலில், ஏனெனில் இரவில் தடுக்கி விழுவதும் அவசரத்தில் வாசலை அடைய முடியாமல் போவதும் உண்மையான ஆபத்துகள். அடுப்புக்கோ மின்சாதனங்களுக்கோ அருகில் காகிதக் கட்டுகள் இருந்தால் அவற்றை அன்றே அகற்றுங்கள். அடுத்து, நாள்தோறும் உங்கள் கண்ணில் படும் ஒரே ஒரு பரப்பு. சமையல் மேடை, சாப்பாட்டு மேசை, எதுவானாலும் சரி. பரணில் ஒரு பெட்டியைக் குறைத்தால் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, சில நாளில் உங்களுக்கும் மறந்துவிடும். மேசை காலியாக இருந்தால் நாளைக்குப் பத்து முறையாவது அதைப் பார்ப்பீர்கள்.

இனி, தயக்கம் தரும் பொருட்களுக்கு வருவோம். ஒன்றை வைத்திருக்கிறோம் என்பதாலேயே அதன் மதிப்பு நம் கண்ணுக்கு உயர்ந்துவிடுகிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவர் 1990-இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காப்பிக் கோப்பை ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதை எந்த விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். மற்றவர்களிடம் எந்த விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். விற்பவர்கள் சொன்ன விலை, வாங்குபவர்கள் சொன்னதைப் போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே இந்த நிலை என்றால், பதினைந்து ஆண்டுகளாக உங்களோடு வீடு மாறி வந்த பொருளை விடத் தயங்குவதில் வியப்பில்லை. போட்ட பணம் வீணாகிவிடுமே என்ற எண்ணமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. அந்தப் பணம் வாங்கிய அன்றே செலவாகிவிட்டது. இப்போது அந்தப் பொருளுக்காக நீங்கள் தினமும் கொடுத்துவருவது இடத்தையும் நிம்மதியையும்தான்.

ஆகவே “இது பயன்படுமா?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எந்தப் பொருளும் ஆம் என்றுதான் பதில் சொல்லும். “இதைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினோம்? இது இல்லாமல் தேவை வந்தால் என்ன செய்வோம்?” என்று கேளுங்கள். அண்டை வீட்டில் இரவல் வாங்குவோம், வேறொன்றை வைத்துச் சமாளிப்போம் என்ற பதில் எளிதாக வந்தால், அது போகலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு பொருளைத் தொட்டுப் பார்ப்பதே அது நம்முடையது என்ற உணர்வைக் கூட்டுகிறது என்று ஜோன் பெக், சுசான் ஷு ஆகிய இருவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அது வாங்குபவர்களின் மனநிலையைப் பற்றிய ஆய்வு என்றாலும், வீட்டிலுள்ள பொருட்களைக் கழிப்பதற்கும் பொருந்தும் என்பது என் தொழில் அனுபவம். பொருளை வேறொருவர் எடுத்துக் காட்ட, நீங்கள் சற்றுத் தள்ளி அமர்ந்து “வேண்டும்” “வேண்டாம்” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். நீங்களே கையில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பதைவிட விரைவாக முடிவு வரும்.

அப்படியும் முடிவு வராதவற்றுக்கு ஒரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். போட்டு ஒட்டி, வெளியே தேதியை எழுதுங்கள். நான்கு மாதத்தில் எதற்காகவும் அதைத் திறக்க நேரவில்லை என்றால், உள்ளே பார்க்காமல் கொடுத்துவிடலாம். ஆனால் ஒரே ஒரு பெட்டிதான். இரண்டாவது பெட்டி வந்துவிட்டால், அந்த அறையில் அடைந்து கிடக்கும் பெட்டிகளோடு இதுவும் சேர்ந்துவிடும். அதிலும் ஆவணங்களையோ அம்மாவின் பொருட்களையோ ஒருபோதும் போடாதீர்கள்.

சில பொருட்களை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குப்பையில் போடக் கூடாது. லித்தியம் மின்கலங்கள் நசுங்கினாலோ அவற்றின் முனைகள் உலோகத்தில் பட்டாலோ தீப்பற்றக்கூடும் என்பதால் அவற்றின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டித் தனியாக மின்னணுக் கழிவாகக் கொடுக்க வேண்டும். பழைய குழல் விளக்குகளிலும் சுருள் வடிவ சி.எஃப்.எல். விளக்குகளிலும் பாதரசம் இருக்கிறது. கைப்பேசியைக் கொடுக்கும் முன் அதிலுள்ள தகவல்களை முழுவதும் அழியுங்கள். காலாவதியான மருந்துகளை மருந்தகம் திரும்பப் பெறுகிறதா என்று கேளுங்கள். அடையாள எண்ணும் கணக்கு எண்ணும் உள்ள காகிதங்களைச் சுக்குநூறாகக் கிழித்துப் போடுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய சலிப்பு புரிகிறது. அந்த அறை அவருக்கும் உரியதுதான். ஆனால் அவர் பொறுமையிழந்து ஒரு நாள் நீங்கள் இல்லாதபோது ஏதேனும் பொருட்களை அகற்றிவிட்டால், அதன் பிறகு எந்தப் பொருளையும் நீங்கள் நிம்மதியாக விட முடியாது. எதைக் காணாவிட்டாலும் அவர் மீதுதான் சந்தேகம் வரும். பொருள் சேர்த்துவைப்பதில் கடுமையான சிக்கல் உள்ளவர்களின் வீடுகளைப் பிறர் வலிந்து காலி செய்தால், மனம் புண்படுவதோடு வீடு மீண்டும் நிரம்பிவிடவும் செய்கிறது என்பது இத்துறையில் பணிபுரிவோர் நன்கறிந்த உண்மை. தம்முடைய பொருட்களை அவரே கழிக்கட்டும். உங்களுடையவற்றில் தீர்ப்புச் சொல்லும் வேலையை விட்டுவிட்டுச் சுமக்கும் வேலையை ஏற்கட்டும். நீங்கள் முடிவு செய்த பையை அன்றே வீட்டைவிட்டு வெளியே கொண்டுசேர்ப்பது மிகப் பெரிய உதவி. வாசலருகே இரண்டு நாள் கிடக்கும் பையைப் பிரித்து, உள்ளே இருப்பதைத் திரும்ப எடுத்துவைக்காதவர்கள் குறைவு.

அம்மாவின் பொருட்கள். கதவைச் சாத்துங்கள் என்று சொன்னேன். அது தட்டிக்கழிப்பதற்காகச் சொன்னதல்ல. ஓராண்டு ஆகிவிட்டதே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், துயரத்துக்குக் காலக்கெடு வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. வீட்டின் மற்ற பகுதிகளில் சில மாதங்கள் பழகி, எடுத்த முடிவுகளுக்காகப் பெரிதாக வருந்த நேரவில்லை என்ற நம்பிக்கை வந்த பிறகு அந்த அறையைத் திறங்கள். விதிவிலக்கு ஒன்றுதான்: அவருடைய சொத்து, வங்கிக் கணக்கு, காப்பீடு தொடர்பான ஆவணங்கள். அவற்றை மட்டும் இப்போதே தேடி எடுத்து ஒரு கோப்பில் சேருங்கள். அவற்றுக்குச் சட்டப்படி கெடு இருக்கக்கூடும்.

திறக்கும் நாளில் தனியாக இருக்க வேண்டாம். உடன்பிறந்தவர்கள் இருந்தால் எதையும் கொடுப்பதற்கு முன் அவர்களைக் கேட்டுவிடுங்கள். பிற்காலத்தில் வரும் மனக்கசப்புகள் பெரும்பாலும் பொருளின் மதிப்பால் வருவதில்லை, கேட்காமல் போனதால் வருகின்றன. அன்றாடப் பயன்பாட்டுக்கு உரியவற்றை, அதாவது துண்டுகள், பாத்திரங்கள், அவர் அதிகம் உடுத்தாத ஆடைகள் போன்றவற்றை முதலில் எடுங்கள். கடிதங்களும் புகைப்படங்களும் கடைசியில்தான். ஒரு கடிதத்தைப் பிரித்துவிட்டால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. படிப்பதற்கென்று வேறொரு நாளை ஒதுக்குங்கள், அது தவறே இல்லை.

எதை வைத்துக்கொள்வது என்பதை ஒவ்வொரு பொருளாகத் தீர்மானிப்பதைவிட, முதலில் இடத்தைத் தீர்மானிப்பது எளிது. நல்ல பெட்டி ஒன்றையோ அலமாரியில் ஒரு தட்டையோ அம்மாவுக்கென்று ஒதுக்குங்கள். அதில் எது இடம்பெற வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும்போது, எதைக் கைவிடுவது என்ற வேதனை பின்னுக்குப் போய், எது அவரை உண்மையாக நினைவூட்டுகிறது என்ற கேள்வி முன்னுக்கு வரும். விடப்போகும் பொருட்களை அதற்கு முன் படம் எடுத்துவையுங்கள். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர் விடுதிகளில் நன்கொடை திரட்டியபோது, நினைவுக்காகப் படம் எடுத்துக்கொண்டு பொருளைக் கொடுங்கள் என்று அறிவித்த விடுதிகளில் கூடுதலான பொருட்கள் வந்து சேர்ந்தன. பலர் விட அஞ்சுவது பொருளைவிட அதனோடு போய்விடுமோ என்று நினைக்கும் நினைவைத்தான். கூடுமானால் ஒன்றிரண்டைப் புழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அவருடைய தையல் எந்திரம் மூடிய அறையில் துருப்பிடிப்பதைவிட, உங்களாலோ தைக்கத் தெரிந்த உறவினராலோ ஓட்டப்படுவது நல்லது என்பது என் கருத்து. உங்களுக்கு வேறு விதமாகத் தோன்றினால் அதுவும் சரியே.

புதிதாகப் பெட்டிகளும் கூடைகளும் வாங்கி அடுக்கும் ஆசை இடையில் வரும். பாதி வேலை முடியும் வரை எதையும் வாங்காதீர்கள். அப்போது வீட்டில் காலியாகும் பெட்டிகளே போதுமானவையாக இருக்கும்.

இனி, இது மனநோயா என்ற கேள்வி. பொருள் சேர்க்கும் கோளாறு என்ற ஒன்று உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் அது தனி நோயாக இடம்பெற்றது. பொருளின் மதிப்பு எதுவாயினும் அதை விட முடியாத நிலை நீடிப்பதும், விடுவதை நினைத்தாலே கடும் வேதனை எழுவதும், கட்டிலில் படுக்கவோ அடுப்பில் சமைக்கவோ முடியாத அளவுக்கு வாழுமிடம் நிரம்பிவிடுவதும் அதன் அடையாளங்கள். குடிபெயர்வையும் இழப்பையும் ஒட்டி ஓர் அறை நிரம்பியிருப்பதும், மற்ற அறைகளில் வாழ்க்கை வழக்கம்போல் நடப்பதும் அதற்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. கடிதத்தை வைத்து நோயறிவது முறையாகாது என்பதால் இதை உறுதியான முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குக் கவலை தருவது நீங்கள் அழுவதைப் பற்றி எழுதிய வரிதான். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்திருக்கிறதா, முன்பு பிடித்தவற்றில் நாட்டம் இல்லையா, தூக்கமும் பசியும் மாறிவிட்டனவா என்று பாருங்கள். ஆம் என்றால் வீட்டுக்கு முன் உங்களைக் கவனிக்க வேண்டும். மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ சந்தியுங்கள். மனச்சோர்வில் இருப்பவருக்கு இருபது நிமிட இழுப்பறைகூட மலையாகத் தெரியும், அதை மன உறுதியால் மட்டும் தாண்ட முடியாது.

கடைசியாக, விருந்தினரை அழைக்க வெட்கப்படுவதாக எழுதியிருந்தீர்கள். வீடு சரியான பிறகு அழைக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். உங்களை எடைபோடாத ஒரு தோழியை இந்த வாரமே வரச் சொல்லுங்கள். பொருட்களை எடுத்துக் காட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த வேலைக்கு அவர் மிகப் பொருத்தமானவர். வருவதற்கு முன்பே இரண்டு செய்திகளை அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: கருத்துச் சொல்லக் கூடாது, மணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும்.